கடிதக் கம்பியின் துளை: புதுத்தாளைப் பழசாக்கிய பன்னிரண்டு நாட்கள்

அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஆண்டு அவள் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டுவிழாவில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக் கதையை நாடகமாகப் போட்டார்கள். அரங்கின் வாசலில் ஒரு மேசை போட்டு, 'அந்தக் காலத்துக் காகிதங்கள்' என்று சின்னக் கண்காட்சி ஒன்றும் வைப்பதாக ஏற்பாடு. சீர்வரிசைத் தட்டு, கொலு அலங்காரம் என்று நான் கைவேலை செய்கிறவள் என்பதால் காகிதங்கள் என் பொறுப்புக்கு வந்தன. ஒரு பங்குப் பத்திரம், மூன்று கடிதங்கள், ஒரு செய்தித்தாள் பக்கம். கையில் இருந்தது பன்னிரண்டு நாள்.

வேலையை ஆரம்பிக்கும் முன்பே அவள் ஒரு கேள்வி கேட்டாள். "அத்தை, கம்பெனி பதிவானது 1906 அக்டோபர். பங்கு வித்தப்போ அந்தப் பத்திரம் புதுசாத்தானே இருந்திருக்கும்? மேடையில எதுக்குப் பழுப்பா காட்டணும்?"

நியாயமான கேள்வி. நாடகத்துக்குள் வ.உ.சி. 25 ரூபாய்ப் பங்கை ஒருவர் கையில் கொடுக்கிறார் என்றால் அது அன்றைக்கு அச்சான தாள். பழுப்பாக இருந்தால் கதையே தவறாகிவிடும். அதனால் இரண்டு தொகுதி செய்வது என்று முடிவு செய்தோம். மேடைக்குப் போவது லேசான மோர் நிறத்தில், புதுத் தாளாகவே இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் பளீரென்று வெள்ளை அடிக்காமல் இருந்தால் போதும். வாசல் மேசைக்குப் போவது நூறு வருஷம் பெட்டிக்குள் கிடந்து இன்று வெளியே வந்த தாள். கஷ்டம் முழுவதும் இந்த இரண்டாவது தொகுதியில்தான்.

முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஏ4 தாளைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி, காயவைத்து, மெழுகுவர்த்தியில் ஓரங்களைக் கருக்கினேன். அம்மா கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, இது அடுப்புல விழுந்து எடுத்த தாள் மாதிரியில்லா இருக்கு. வீடு தீப்பிடிச்சாத்தான் ஓரம் கருகும். உங்க தாத்தா பெட்டிய இறக்கிப் பாரு."

பரணில் இருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினோம். உள்ளே தாத்தாவின் கடிதங்கள், வரி ரசீதுகள், ஒரு நிலப்பத்திரம், எல்லாவற்றுக்கும் மேலே கடிதக் கம்பி. இப்போதைய பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. முழ நீளக் கம்பி, ஒரு நுனி கூர், இன்னொரு நுனியில் ஒரு மரவில்லை. வந்த கடிதத்தைப் படித்து முடித்ததும் மடித்தபடியே நடுவில் குத்திச் சொருகிவிடுவார்கள். அடியில் இருக்கும் வில்லை மேல் கடிதங்கள் அடுக்காக ஏறிக்கொண்டே போகும். கூர் நுனியைக் கொக்கியாக வளைத்து நடைச் சுவரில் மாட்டியிருக்கும். எங்கள் கம்பி துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில் இருந்தது.

1951ல் கொழும்பில் இருந்து வந்த ஒரு கடிதத்தை ஜன்னல் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரமாவது பார்த்திருப்பேன். நான்காக மடித்த தாள். விரித்தால் நான்கு கட்டங்களில் ஒன்று மட்டும் நல்ல பழுப்பு, மற்ற மூன்றும் சந்தன நிறம். அந்தப் பழுப்புக் கட்டம்தான் மடித்திருந்தபோது வெளிமுகமாக இருந்திருக்கிறது. ஓரங்களில் ஒரு விரற்கடை அகலத்துக்கு நிறம் கூடுதல், உள்ளே போகப் போகக் குறைவு. மடிப்புக் கோடுகள் அழுக்கேறிக் கறுத்திருந்தன. இரண்டு மடிப்பும் சந்திக்கும் நடுப்புள்ளியில் தாள் நைந்து ஒரு சின்ன நட்சத்திரம் போலக் கிழிந்திருந்தது. கம்பி குத்திய துளை நான்கு கட்டத்திலும் ஒவ்வொன்று. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் காலணா அகலத்தில் துரு வளையம். துளையை ஒட்டி செங்கல் நிறம், வெளியே போகப் போக மஞ்சள். கீழ் மூலையில் யாரோ எண்ணெய்க் கையால் பிடித்த பெருவிரல் தடம். அந்த இடம் மட்டும் வெளிச்சத்தில் கண்ணாடி போலத் தெரிந்தது.

அப்புறம் ராமபாணப் பூச்சி. அது அரித்த வழி ஒரு கட்டத்தில் இருந்தது போலவே பக்கத்துக் கட்டத்திலும் இருந்தது, கண்ணாடியில் பார்த்தது மாதிரி திரும்பி. மடித்த தாளை அது நான்கு அடுக்கோடு சேர்த்துத் தின்றிருக்கிறது. இதை நான் யோசித்தே கண்டுபிடித்திருக்க மாட்டேன். பார்த்ததால் தெரிந்தது.

முழுத் தாளையும் ஒரே நிறத்தில் முக்கி எடுத்தது எவ்வளவு தவறு என்று அப்போது விளங்கியது. தாத்தாவின் கடிதத்தில் இருந்த நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது. அது எப்படி மடிக்கப்பட்டது, எங்கே தொங்கியது, யார் கை பட்டது என்பதெல்லாம் அந்தத் தாளில் இடம் இடமாகப் பதிந்திருக்கிறது. இதைத்தான் புதுத்தாளில் கொண்டுவர வேண்டும்.

தாள் வாங்கப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரண 75 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) நகல் தாள் இந்த வேலைக்குச் சுமார்தான். பளபளப்பான வெண்மைக்காக அதில் ஒளிரும் பொருள் ஒன்றைக் கலக்கிறார்கள். கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கைக் கடைக்காரரிடம் வாங்கி அடித்துப் பார்த்தேன். புதுத்தாள் நீலமாக ஒளிர்ந்தது. தாத்தாவின் கடிதம் மந்தமாகவே கிடந்தது. தவிர, இப்போதைய தாளில் சுண்ணாம்பு சேர்ந்திருப்பதால் அது தானாகச் சீக்கிரம் பழுக்காது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தாள்களில் பல மரக்கூழில் செய்தவை. தண்ணீர் ஊறாமல் இருக்கப் படிகாரமும் பைன் மரப் பிசினும் சேர்த்தார்கள். படிகாரத்தின் அமிலத்தன்மையும் மரத்தில் இருக்கிற லிக்னின் என்ற பொருளும் சேர்ந்து தாளைப் பழுப்பாக்கி, மடித்தால் ஒடிகிற அளவுக்குக் கொண்டுபோயின. லிக்னின் காற்றும் வெயிலும் பட்டால் நிறம் மாறும். அடுக்கில் காற்று முதலில் படுவது ஓரத்தில் என்பதால் ஓரம் முதலில் பழுக்கிறது.

கடிதங்களுக்கு வெண்மை குறைந்த 90 ஜிஎஸ்எம் லெட்ஜர் தாள் எடுத்தேன். பத்திரத்துக்குப் பருத்தித் துணிக்கழிவில் செய்த கைக்காகிதம் ஒரு தாள். புதுச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலைத் தாள் முன்பு வாங்கியது வீட்டில் இருந்தது. அது தடிமன் என்பதால் இயந்திரத்தில் போகாது, கையால்தான் எழுத வேண்டும். செய்தித்தாள் பக்கத்துக்கு, அச்சாகாத நியூஸ்பிரிண்ட் தாள்.

செய்தித்தாள்தான் எல்லாவற்றிலும் சுலபம். அதில் சாயமே வேண்டாம், மொட்டை மாடி வெயில் போதும். எழுத்தை முதலில் லேசர் பிரிண்டில் எடுத்துக்கொண்டேன். லேசர் மை பிளாஸ்டிக் தூள், தாளில் சூட்டால் ஒட்டுவது. தண்ணீர் பட்டாலும் ஓடாது. வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்த ஒரு தாளை சோதனைக்கு நனைத்தேன், கறுப்பு எழுத்து ஊதாவாகக் கரைந்து ஓடியது. தேயிலையில் முக்கப்போகிற எதையும் ஜெராக்ஸ் கடையில் எடுப்பது நல்லது.

மாடியில் நான்கு மூலைக்கும் நான்கு கல் வைத்தேன். நான்காம் நாள் தாள் அழகான வைக்கோல் நிறம். கல் இருந்த இடம் நான்கும் வட்ட வட்டமாக வெள்ளை. வெயில் படாத இடம் அப்படியே இருந்துவிட்டது. இன்னொரு தாள் எடுத்து, மேலே ஒரு பழைய புகைப்படச் சட்டத்தின் கண்ணாடியை வைத்து அமுக்கி மறுபடி காயவைத்தேன். கண்ணாடி வழியாகவும் நன்றாகப் பழுத்தது. தினமும் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்துத் தாளைத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இனி தேயிலை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி டஸ்ட் டீ, பத்து நிமிஷம் கொதி, துணியில் இரண்டு முறை வடிகட்டு. பாலும் சர்க்கரையும் ஒரு துளிகூடச் சேரக் கூடாது. நன்றாக ஆறிய பிறகு அகலமான தட்டில் ஊற்றி, தாளை ஒரு ஓரத்தில் இருந்து மெதுவாக இறக்க வேண்டும். சட்டென்று போட்டால் அடியில் காற்றுக் குமிழி மாட்டி, அந்த இடம் வெள்ளைப் பொட்டாக நின்றுவிடும். ஈரத்தில் தெரிகிற நிறத்தை நம்பக் கூடாது, காய்ந்தால் பாதியாகக் குறையும். மேடைத் தாளுக்கு இந்தக் கஷாயத்தில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து ஒரு நிமிஷம் முக்கியது போதுமாக இருந்தது.

காபியில் செய்தால் நிறம் இன்னும் சூடாக வரும் என்று கேள்விப்பட்டு, வீட்டு டிகாக்ஷனில் ஒரு தாள் போட்டேன். எங்கள் தூளில் சிக்கரி உண்டு. காய்ந்த பிறகும் தாள் விரலில் ஒட்டியது, மறுநாள் காலை எறும்பு வரிசை கட்டியிருந்தது. சிக்கரி இல்லாத தூளாக இருந்தால் பரவாயில்லை. மஞ்சள்தூளை யாரும் தொடாதீர்கள். முதல் நாள் பொன்னாக இருக்கும், இரண்டு நாள் வெயிலில் வெளுத்துவிடும். சோப்புக் கையால் தொட்டால் தொட்ட இடம் குங்குமமாகச் சிவக்கும்.

மூன்றாம் நாள் ஒரு தவறு நடந்தது. அந்தத் தவறில் இருந்துதான் இந்த வேலையின் சிறந்த பகுதி கிடைத்தது. எவர்சில்வர் பாத்திரம் வேறு வேலையில் இருந்ததால் தேயிலையை இரும்புச் சட்டியில் கொதிக்கவிட்டேன். கஷாயம் பழுப்பாக வரவில்லை, மைக்கூட்டைக் கவிழ்த்தது போலக் கறுத்திருந்தது. முக்கிய தாளும் சாம்பல் நிறம். கீழே கொட்டப் போனவளை அம்மா தடுத்தாள். "இது மையில்லா! எங்க காலத்துல கடுக்காயும் அன்னபேதியும் போட்டு இப்படித்தான் மை காய்ச்சுவாங்கன்னு எங்க அய்யா சொல்லுவாரு."

அதேதான். தேயிலையில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயில் அந்தத் துவர்ப்பு பல மடங்கு, அன்னபேதி ஒருவகை இரும்பு உப்பு. உலகின் பல பகுதிகளில் பல நூறு ஆண்டுகள் எழுதப்பட்ட மை இந்த வகைதான். மேல்நாட்டில் ஓக் மரத்தில் காய் போல வரும் புடைப்பில் செய்தார்கள், நம் பக்கம் கடுக்காய். 1906ல் ஒருவர் கடிதம் எழுதியிருந்தால் அவர் பேனாவில் இருந்த நீலக்கறுப்பு மையும் பெரும்பாலும் இரும்பு மைதான். இவ்வளவும் தெரிந்த பிறகு ஜெல் பேனாவில் எழுதி வைக்க மனம் ஒப்பவில்லை.

நாட்டு மருந்துக் கடையில் மூன்றும் கிடைத்தன. கடுக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின். கொட்டை நீக்கி இடித்த கடுக்காய்த் தோல் 30 கிராமை 250 மில்லி தண்ணீரில் போட்டு, பாதியாக வற்றும்வரை எவர்சில்வரில் கொதிக்கவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு வடித்தேன். தேன் நிறத்தில் ஒரு கஷாயம். பச்சைக் கற்கண்டு போல இருக்கும் அன்னபேதியைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டதும், சொட்டு விழுந்த இடத்தில் கறுப்புப் புகை போல விரிந்து, பத்து சொட்டுக்குள் முழுப் பாத்திரமும் இருண்டது. அண்ணன் மகள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக 8 கிராம் பிசின். அது இல்லாவிட்டால் மை தாளில் ஓடும், நிப்பில் நிற்காது. அன்னபேதியை வெறுங்கையால் அள்ளாமல் கரண்டியால் எடுக்க வேண்டும், சமையல் பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்குக் கொண்டுபோகக் கூடாது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மையைப் பூட்டி வைக்க வேண்டும்.

எழுதியது தொட்டு எழுதும் கட்டைப் பேனாவில். ஊற்றுப் பேனாவில் இந்த மையை ஊற்றினால் உள்ளே படிந்து பேனா வீணாகும். எழுதும்போது எழுத்து வெளிறிய சாம்பலாகத்தான் விழும். இரண்டு நிமிஷத்தில் முதல் வரி கறுக்கத் தொடங்கும், நான்காவது வரி எழுதும்போது முதல் வரி நன்றாக இருண்டிருக்கும். காற்றுப் பட்டுத்தான் இந்த மை கறுக்கிறது. மறுநாள் தண்ணீரில் முக்கினாலும் அசையாது.

எழுத்தைப் பற்றி ஒரு முடிவு எடுத்தோம், அதைச் சொல்லிவிட வேண்டும். 1915ல் காந்திக்கும் வ.உ.சி.க்கும் இடையே கடிதங்கள் போய் வந்தன. தென்னாப்பிரிக்கத் தமிழர் வ.உ.சி.க்காகத் திரட்டித் தந்த பணம் பற்றிய கடிதங்கள் அவை. கடைசியில் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா. சிறையில் இருந்து வெளியே வந்து வறுமையில் இருந்த மனிதருக்கு அந்தப் பணம் எவ்வளவு பெரிது! நாடகத்தில் அந்தக் காட்சி உண்டு. அதில் ஒரு கடிதத்தைச் செய்து மேசையில் வைக்கலாமா என்று டீச்சர் கேட்டார். நான் மறுத்துவிட்டேன். வாழ்ந்த மனிதர் கையெழுத்தைப் போலச் செய்து, பழசாக்கி வைத்தால், பார்க்கிறவர் அதை அசல் என்று நினைத்துப் படம் எடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்புவார். அதனால் மூன்று கடிதங்களையும் கற்பனை மனிதர்கள் எழுதியதாக வைத்தோம். தூத்துக்குடி வியாபாரி ஒருவர் கொழும்பில் இருக்கிற மைத்துனருக்கு எழுதுகிறார். 25 ரூபாய் கொடுத்துப் பங்கு ஒன்று வாங்கியது, இப்படி 40,000 பங்கு சேர்த்துப் பத்து லட்சம் மூலதனம் என்று பேசிக்கொள்வது, 'காலியா' கப்பலைப் பார்க்கக் கடற்கரையில் கூட்டம் கூடியது. அண்ணன் மகள்தான் எழுதினாள், அவள் கையெழுத்துக் கொஞ்சம் சாய்வு, அதுவே நன்றாக இருந்தது. எல்லாத் தாளின் பின்பக்கத்திலும் 'ஆண்டுவிழாவுக்காகச் செய்தது' என்று பென்சிலால் எழுதி, பங்குப் பத்திரத்தின் அடியில் அதே வரியை மையிலும் சேர்த்தோம்.

சரி, எழுதிய தாளைத் தேயிலையில் முக்கியபோது அடுத்த சிக்கல். ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் சாம்பல் நிழல். மையில் அன்னபேதி 10 கிராம் போட்டிருந்தேன், அது அதிகம். கடுக்காயோடு சேராமல் மிச்சம் நின்ற அன்னபேதி, தேயிலையின் துவர்ப்பைக் கண்டதும் அதோடு போய்ச் சேர்ந்துவிட்டது. புது மையில் 6 கிராமாகக் குறைத்து, எழுதிய பிறகு முழுசாக ஒரு நாள் காற்றாட வைத்ததும் நிழல் நின்றது. முதலில் தேயிலையில் முக்கிவிட்டுப் பிறகு எழுதலாமே என்று தோன்றும். நனைந்து காய்ந்த தாள் மையை உறிஞ்சி எழுத்தைப் பரப்பிவிடுகிறது, அதனால் எழுத்துதான் முதலில். தாத்தாவின் கடிதங்களில் எழுத்து காலத்தால் பழுப்பாகியிருந்தது. நம் மை நல்ல கறுப்பு. ஒரு கடிதத்துக்கு மட்டும் மையில் கோலத்துக்குக் கட்டுகிற காவிக்கல்லை உரைத்துச் சேர்த்தேன். அந்தப் பழுப்புக்கு ஓரளவு பக்கத்தில் வந்தது.

தட்டில் இருந்து எடுத்த ஈரத்தாளைக் கொடியில் தொங்கவிட்டால் நிறமெல்லாம் அடியில் இறங்கி ஒரு கோடாக நிற்கும். பழைய பருத்தி வேட்டியை விரித்து அதன் மேல் நிழலில் போட்டேன். முக்கால் காய்ந்ததும் இன்னொரு துணியை மேலே போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் ஓட்டினால் சுருக்கம் போய்விடும். லேசர் எழுத்து உள்ள தாளில் பெட்டியை நேரடியாக வைக்கக் கூடாது, எழுத்து உருகிப் பெட்டியில் ஒட்டும்.

இதுவரை வந்தது ஒரே நிறமான சந்தனத் தாள். தாத்தாவின் கடிதம் சொல்லித்தந்ததை எல்லாம் இதற்குப் பிறகுதான் செய்தேன். தாளை நான்காக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்து, விரித்து, எதிர்ப்பக்கம் மடித்து, இப்படி இருபது முறை. மடிப்பில் நார் உடைந்து பஞ்சு போல எழும்பும். அந்தக் கோட்டின் மேல் மட்டும் கெட்டித் தேயிலையை மெல்லிய தூரிகையால் இழுத்தால், உடைந்த நார் மற்ற இடத்தைவிட அதிகமாகக் குடித்துக் கோடு தானாகக் கறுக்கும். மறுபடி மடித்து, வெளிமுகக் கட்டத்தை மட்டும் பஞ்சில் கெட்டித் தேயிலை தொட்டு ஒற்றினேன். மூன்று கடிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே அம்மிக்குழவியை வைத்து அமுக்கி, ஓரங்களில் மட்டும் பஞ்சால் தட்டினேன். ஈரம் ஒரு விரற்கடை உள்ளே ஏறி அங்கேயே நின்றது. மெழுகுவர்த்திக்கு வேலையே இல்லை.

பூச்சித்துளைக்கு ஊதுபத்தியால் சுடச் சொல்வார்கள். சுட்ட துளையின் விளிம்பு கறுப்பாக இருக்கும், ராமபாணம் அரித்த விளிம்பு தாளின் நிறத்திலேயே மெலிந்து போயிருக்கும். நான் செய்தது இப்படி: மடித்த தாளின் மேல் நுனித்தூரிகையால் தண்ணீரில் ஒரு வளைந்த கோடு. ஈரம் நான்கு அடுக்குக்கும் இறங்க ஐந்து நிமிஷம் விட்டு, தையல் ஊசியால் அந்தக் கோட்டில் நாரைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தேன். விரித்தபோது நான்கு கட்டத்திலும் அதே வளைவு, எதிரெதிராக. அண்ணன் மகள், தாத்தாவின் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "அத்தை, பூச்சிகூட ஏமாந்துபோகும்" என்றாள்.

என்னை அதிகம் படுத்தியது கம்பித் துளைதான். மூன்று நாள் அதற்கே போனது. துருப்பிடித்த ஆணியை உப்புத்தண்ணீரில் நனைத்து, துளையில் சொருகி, ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் வளையம் வந்திருந்தது, ஆனால் கறுப்பாக. அப்போதே தெரிந்திருக்க வேண்டும்: இரும்புச் சட்டியில் நடந்த அதே விஷயம். ஈரத்தில் கரைகிற இரும்பு தாளில் இருக்கிற தேயிலையைச் சந்தித்து மையாகிவிடுகிறது. தேயிலை ஏறாத வெள்ளைத் தாளில் ஆணியை வைத்துப் பார்த்தேன், அழகான செங்கல் வளையம். அதைப் பிறகு தேயிலையில் முக்கினால் மறுபடியும் கறுக்கத் தொடங்கியது. இரண்டு தாள் இப்படிப் போயிற்று.

கரையாத துருதான் வழி. ஈர ஆணியை விட்டுவிட்டு, காய்ந்த துருவைச் சுரண்டி எடுத்தேன். தாத்தாவின் கடிதக் கம்பியையே எடுத்து, வெள்ளைத் தாளின் மேல் பிடித்து, பிளேடால் மெதுவாக வழித்தால் செம்பொடி கொட்டியது. கால் தேக்கரண்டி கிடைத்தது. அம்மியில் இன்னும் நைஸாக அரைத்து, துளையைச் சுற்றிச் சுட்டுவிரலால் உலர்ந்தபடியே தேய்த்தேன். துளையை ஒட்டி அழுத்தம், வெளியே வர வர லேசு. அதன் மேல் பிசின் தண்ணீரைத் தூரிகை நுனியில் தொட்டுத் தொட்டு வைத்ததும் பொடி தாளில் பிடித்துக்கொண்டது. காய்ந்த துரு அவ்வளவு லேசில் கரையாது, அதனால் தேயிலை அதைத் தொடவில்லை. கண்காட்சி முடியும்வரை நிறம் மாறாமல் நின்றது. துளையையும் அந்தக் கம்பியாலேயே குத்தினேன். மூன்று கடிதங்களையும் சேர்த்து, அடியில் இருந்து மேலாக. கடைசித் தாளில் துளையின் விளிம்பு மேல்பக்கம் உப்பி எழும்பியது, தாத்தாவின் கடிதங்களில் இருப்பது போலவே.

எண்ணெய்த் தடத்துக்கு நல்லெண்ணெய் ஒரு சொட்டைப் பெருவிரலில் தடவி, வேறு தாளில் மூன்று முறை ஒற்றி எடுத்துவிட்டு, நான்காவதாகக் கடிதத்தின் மூலையில் வைத்தேன். நேரடியாக வைத்தால் வடை மடித்த தாளாகிவிடும்.

பங்குப் பத்திரத்துக்கு இவ்வளவு பாடு வைக்கவில்லை. பத்திரத்தைக் கம்பியில் குத்த மாட்டார்கள், பெட்டியில் பத்திரமாக வைப்பார்கள். தாத்தாவின் நிலப்பத்திரத்தில் பார்த்தபடி மூன்றாக மட்டும் மடித்து, மடிப்பின் பின்பக்கத்தில் வெள்ளைத் துணிக்கீற்று ஒட்டி, ஓரத்தில் லேசான நிறம். பருத்தித் தாள் என்பதால் அது ஒடியாமல் துணி போல வளைந்து கொடுத்தது. நல்ல தாள் நூறு வருஷத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

விழா அன்று கடிதங்களைக் கம்பியோடு சேர்த்தே தொங்கவிட்டோம், இரண்டைப் பிரித்து மேசையில் விரித்தும் வைத்தோம். நிறையப் பேர் பங்குப் பத்திரத்தைத்தான் படம் எடுத்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் கம்பிக்கு முன்னால் நின்று, துளையில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டு நடையில இப்படித்தான் கிடந்தது" என்று பக்கத்தில் இருந்த பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அசலா என்று அவர் கேட்கவில்லை. பேரன்தான் தாளைத் திருப்பிப் பென்சில் எழுத்தைப் படித்தான்.

மிச்சமான மை பத்தாம் நாள் மேலே பூஞ்சை கட்டியது. வழித்து எடுத்துவிட்டு இரண்டு கிராம்பு போட்டு வைத்திருக்கிறேன், அதற்குப் பிறகு வரவில்லை. செய்த தாள்களை நன்றாகக் காய்ந்த பிறகே பைக்குள் போட வேண்டும். தேயிலைத் தாளில் ஈரம் இருந்தால் அதிலும் பூஞ்சை வரும். இந்த இரும்பு மை நாள்பட்டால் தாளையே அரிக்கும் என்பதால், அதில் எழுதிய எதையும் நல்ல பத்திரங்களோடு சேர்த்து வைக்காதீர்கள். எங்கள் கடிதங்களைத் தாத்தாவின் கடிதங்களோடு வைக்கவில்லை.

தாத்தாவின் கடிதங்களை அம்மா வசம்புத் துண்டு போட்டு மறுபடி பெட்டியில் வைத்தாள். 1951 கடிதத்தை வைக்கும் முன் ஒருமுறை சத்தமாகப் படித்தாள். கொழும்பில் மழை, கடையில் ஆள் போதவில்லை, சின்னவளுக்கு ஒரு பட்டுப்பாவாடை கொடுத்தனுப்புகிறேன் என்று இருந்தது. அந்தச் சின்னவள் அம்மாதான். கம்பி மட்டும் பெட்டிக்குள் போகவில்லை. என் வேலை மேசைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன், மூன்று கற்பனைக் கடிதங்களுக்கு மேலே இப்போது இரண்டு மின்கட்டண ரசீதும் ஏறியிருக்கின்றன.